லப்டொப் இழுக்குது, வைஃபை விழுது: எந்த முறைப்பாட்டுக்கு எங்கே பார்ப்பது

"லப்டொப் ஸ்லோ" என்று பிள்ளை சொன்னால் அதற்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம். மெஷினே இழுக்கலாம். மெஷின் நன்றாக இருந்து, அதற்கும் ரவுட்டருக்கும் இடையில் வைஃபை தடுமாறலாம். இரண்டும் சரியாக இருந்து, வீட்டுக்கு வரும் இணைப்பே படுத்திருக்கலாம். பிள்ளைக்கு மூன்றும் ஒன்றுதான்: ஸூம் வகுப்பு நின்றுவிட்டது, வீடியோ சுற்றுகிறது. எது என்று பிரிக்காமல் கடைக்குக் கொண்டுபோனால் போர்மட் அடித்துத் தருவார்கள். ஒரு மாதம் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

ஆகவே முதல் வேலை பிரிப்பது. வைஃபையை அணைத்துவிட்டு, லப்டொப்பில் உள்ள ஒரு வேர்ட் கோப்பையும் படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். அதற்கே இழுத்தால் கோளாறு மெஷினில். அவை பட்டென்று திறந்து இணையம் மட்டும் இழுத்தால், அதே கதிரையில் இருந்தபடி அதே வைஃபையில் போனைப் பாருங்கள். போன் ஓடினால் லப்டொப்பின் வைஃபையைப் பார்க்கவேண்டும். போனும் இழுத்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கே ஓடினால் தூரமும் சுவரும்தான் காரணம். அங்கேயும் இழுத்தால் வீட்டுக்கு வரும் இணைப்பு. இதைச் செய்துவிட்டு உங்கள் முறைப்பாடு கீழே எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரித்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. 15, 16 வயசுப் பிள்ளையின் மெஷினைப் பறித்துத் தனியாக இருந்து கிண்டாதீர்கள். பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யுங்கள். எந்த புரோகிராம் எதற்கு என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். "கேம்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்று தொடங்கினீர்களோ, அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது.

"ஆன் பண்ணினா பத்து நிமிஷம் எடுக்குது"

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போனால் இடப்பக்கம் டிஸ்க் 0 என்று இருக்கும். அதன் கீழே எச்டிடி என்று இருக்கிறதா, எஸ்எஸ்டி என்று இருக்கிறதா? எச்டிடி என்று இருந்து, ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே அது 100 வீதத்தில் நின்றால், வேறு எங்கும் தேடவேண்டாம். கண்டுபிடித்தாயிற்று.

எச்டிடி என்பது உண்மையிலேயே சுற்றுகிற தட்டு. லப்டொப்பில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். ஒரு துண்டுத் தகவல் வேண்டுமென்றால் அதன் முள் அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். செக்கனுக்கு நூறு இடத்தைத் தொட்டாலே பெரிய காரியம். இன்றைய விண்டோஸோ தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் நகருகிற பாகமே இல்லை, அதனால் அந்தக் காத்திருப்பும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே செக்கனுக்கு 500 எம்பி அளவில் வாசிக்கும். பழைய லப்டொப்புக்குச் செலவழிக்கிற காசில் இதைப்போல உடனே பலன் தருவது வேறொன்றும் இல்லை. புது லப்டொப் வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு யோசிக்கலாம். 240 அல்லது 256 ஜிபி படிக்கிற பிள்ளைக்குப் போதும். பெரும்பாலான பழைய லப்டொப்புகளுக்கு 2.5 அங்குலம், 7 மில்லிமீற்றர் தடிப்புள்ளது பொருந்தும். சிலவற்றில் எம்.2 என்கிற சிறிய பலகை வகைக்கும் இடம் இருக்கும். மொடல் நம்பரைச் சொன்னால் கடைக்காரர் பார்த்துச் சொல்வார்.

டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தும் திறக்கத் தாமதமா? டாஸ்க் மனேஜரிலேயே ஸ்டார்ட்அப் அப்ஸ் பக்கத்தைப் பாருங்கள். கேம் லோஞ்சர்கள், சட் செயலிகள், பிரிண்டர் உதவியாளர், எப்போதோ இறக்கிய வீடியோ கன்வேர்ட்டர் எல்லாம் விண்டோஸோடு சேர்ந்து எழும்ப அனுமதி வாங்கி வைத்திருக்கும். வைரஸ் காவலையும் சவுண்ட், டச்பாட் டிரைவர்களையும் விட்டுவிட்டு மற்றதை டிஸேபிள் பண்ணலாம். அழிவது ஒன்றுமில்லை, தேவைப்படும்போது கையால் திறந்துகொள்ளலாம்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம். அன்புவழிபுரத்தில் அக்காவின் மகன் என்னிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான்: "மாமா, நான் ராவில ஒவ்வொரு நாளும் ஷட்டவுன் பண்ணித்தானே படுக்கிறன்." டாஸ்க் மனேஜரில் சிபியுவை, அதாவது மெஷினின் மூளையான சிப்பை, அழுத்திக் காட்டினேன். கீழே அப் டைம் என்ற இடத்தில் இரண்டு வாரத்தைத் தாண்டிய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன் பொய் சொல்லவில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால் ஷட்டவுன் கொடுக்கும்போது உள்மையத்தை முழுதாக மூடாமல் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்தநாள் அதையே திரும்ப எடுக்கும். பழைய குழப்பமும் சேர்ந்து திரும்ப வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவையாவது ரீஸ்டார்ட்.

சி டிரைவ் நிறைந்திருந்தாலும் இதே முறைப்பாடுதான் வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது இடத்தைத் தின்கிறது என்று தெரியும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அளவுப்படி அடுக்கிப் பாருங்கள். ஒரே பாடத்தின் வீடியோ மூன்று பிரதி, பார்த்து முடித்த படங்கள், எப்போதோ நிறுவி முடித்த கேம்களின் மூலக்கோப்புகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

"முதல்ல நல்லா ஓடும், கொஞ்ச நேரத்தில இழுக்கும், ஃபேன் கத்தும்"

சூடு. திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் 35 பாகையைத் தாண்டுவது புதினமில்லை. அந்தக் காற்றையே இழுத்துத்தான் லப்டொப் தன்னைக் குளிர்த்தவேண்டும். அதிலும் பிள்ளை கட்டிலில் தலையணைக்கு மேல் வைத்துப் பாவித்தால் அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுவிடும். சிபியு 95, 100 பாகையைத் தொடும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். டாஸ்க் மனேஜரின் சிபியு பக்கத்தில் பேஸ் ஸ்பீட் என்று ஒரு எண் இருக்கும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஸ்பீட் அதற்கும் கீழே போய் நின்றால் இதுதான் நடக்கிறது.

கடினமான மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். இரண்டு தண்ணீர்ப் போத்தல் மூடி போதும். பிறகு தூசு. லப்டொப்பை அணைத்து, சார்ஜரைக் கழட்டி, காற்றுத் துவாரத்தில் ஊதும் ரப்பர்ப் பம்பால் விட்டு விட்டு ஊதுங்கள். மூடியைக் கழட்டத் தெரிந்தவர்கள் உள்ளே பற்றரியின் வயரையும் கழட்டிவிட்டு, ஃபேன் இதழ்களை ஒரு பல்குத்தியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும். சும்மா விட்டு ஊதினால் தாறுமாறாகச் சுற்றிப் பழுதாகும். டச்பே, உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் தூசோடு உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே கட்டியாகப் பிடித்திருக்கும். அது ஊதலுக்கு வராது. கடையில் கொடுத்துத் திறந்து துடைப்பித்து, சிபியுவுக்குப் புதுத் தேர்மல் பேஸ்ட் போடுவித்தால் நல்லது.

டச்பாட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மூடி வடிவாக மூடுகுதில்லையா? பற்றரி வீங்கியிருக்கிறது. அழுத்திப் பார்க்கவேண்டாம், குத்திப் பார்க்கவே வேண்டாம். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சார்ஜர் மாற்றிய பிறகு இழுக்கத் தொடங்கினால் சந்தேகம் சார்ஜர் மேல்தான். சில மொடல்கள் தனக்குத் தெரியாத சார்ஜரைக் கண்டால் சிபியு வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைக் கழட்டிப் பற்றரியில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது வேகமாக ஓடினால் சார்ஜரை மாற்றவேண்டியதுதான்.

"பிரவுசர் திறந்தா மட்டும்"

ரேம், அதாவது திறந்திருக்கிற வேலைகளை மெஷின் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். டாஸ்க் மனேஜரில் மெமரி 85, 90 வீதத்தில் நின்றால் ஒரே கேள்விதான்: எத்தனை ஜிபி? 4 ஜிபி என்பது விண்டோஸ் 11 கேட்கிற ஆகக் குறைந்த அளவு. அதில் ஸூமும் பத்து டப்பும் ஒன்றாக ஓடாது. அதே பக்கத்தில் ஸ்லொட்ஸ் யூஸ்ட் என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொரு 4 ஜிபி போட இடம் இருக்கிறது. டிடிஆர்3எல்லா, டிடிஆர்4ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாது. சில மெல்லிய லப்டொப்புகளில் ரேம் பலகையோடு ஒட்டியே வரும். அவற்றில் கூட்ட ஏலாது.

வாங்குமுன் குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். குரோமுக்கென்றே ஒரு டாஸ்க் மனேஜர் வரும். எந்த டப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்று அதில் தெரியும். பல நேரம் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு எக்ஸ்டென்ஷன்தான் முதலிடத்தில் இருக்கும்.

"மூலையில வைரஸ், வைரஸ் எண்டு பெட்டி வருது"

முக்கால்வாசி நேரம் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்ப "அலோ" (அனுமதி) கேட்டபோது பிள்ளை அழுத்தியிருக்கும். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். அந்தப் பெட்டியை அழுத்தி அது சொல்கிற "கிளீனரை" மட்டும் இறக்கிவிடாதீர்கள். உண்மையான கோளாறு வருவது கிராக் பண்ணிய கேம்களோடுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒஃப்லைன் ஸ்கேன் என்று இருப்பதை ஒருமுறை ஓட்டுங்கள். அதற்குமேல் இரண்டாவது அன்டிவைரஸ் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று சோதித்து மெஷினை இன்னும் இழுக்கும்.

விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. வீட்டுப் பாவனைக்கு நீடிப்பாகக் கொடுத்தது 2026 அக்டோபர் 13 வரைக்கும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

"வைஃபை கோடு முழுக்க இருக்கு, ஒண்டும் வருகுதில்லை"

அந்தக் கோடுகள் லப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள உறவை மட்டும்தான் சொல்கின்றன. ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

கொமாண்ட் புரொம்ட் இரண்டு பெட்டி திறவுங்கள். ஒன்றில் ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டினால் டிஃபோல்ட் கேட்வே என்று ஒரு முகவரி வரும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், அதுதான் உங்கள் ரவுட்டர். பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த முகவரி, பிறகு இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் (-t) போட்டு என்டர். மற்றப் பெட்டியில் அதேபோல 8.8.8.8க்கு, அது வெளியே இணையத்தில் உள்ள கூகிளின் ஒரு முகவரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, பிள்ளை வழமைபோல் வேலை செய்யட்டும்.

ரவுட்டருக்குப் போகிற பெட்டியில் எண்கள் ஒன்று, இரண்டு, ஐந்து மில்லிசெக்கன் என்று அமைதியாக ஓடவேண்டும். அது 200, 400 என்று துள்ளினாலோ டைம்ட் அவுட் வந்தாலோ கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். அது அமைதியாக இருக்க 8.8.8.8 மட்டும் விழுந்தால் கோளாறு வெளியே. அப்போது லப்டொப்பைக் கிண்டிப் பலனில்லை. இணைப்புக் கொம்பனிக்கு எடுத்து "ரவுட்டருக்கு பிங் சரியாகப் போகிறது, வெளியே மட்டும் விழுகிறது, நேரம் இது" என்று சொல்லுங்கள். "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்கிற முதல் கட்டத்தைச் சுருக்கமாகத் தாண்டலாம். ஃபைபர் என்றால் ரவுட்டரில் லொஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்றும் பார்த்து வையுங்கள். எரிந்தால் கண்ணாடி இழையில் ஒளியே வருகுதில்லை.

எடுப்பதற்கு முன் பக்கேஜில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்கவேண்டாம். இரவு டேட்டா நிறையக் கிடந்து பகல் டேட்டா முடிந்த வீடுகள் எத்தனையோ.

டேட்டாவும் இருக்கிறது, ஆனால் திடீர் திடீரென்று எல்லாருக்கும் படுக்கிறதென்றால் யாரோ எதையோ மேலே அனுப்புகிறார்கள். அம்மாவின் போன் கலியாண வீட்டு வீடியோக்களை கூகிளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் மேலே போகும் வழி நிறைந்து, கீழே வருவதும் சேர்ந்து நிற்கும். அந்தப் பக்அப்பை இரவுக்குத் தள்ளுங்கள். லப்டொப்பில் வைஃபையை மீட்டர்ட் கனெக்ஷன் என்று குறித்துவிட்டால் விண்டோஸின் பெரிய அப்டேட்டுகள் வகுப்பு நேரத்தில் இறங்கமாட்டா.

"ஹோல்ல வருது, என்ர அறையில வருகுதில்லை"

ரவுட்டர் எங்கே இருக்கிறது? வயர் வந்து இறங்கிய மூலையில், ரிவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில். அநேகமாக இதுதான் பதில். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் அலையைக் குடித்துவிடும், தடித்த சுவர் அதைத் தேய்க்கும். அலுமாரி, ஃபிரிஜ், பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, இந்த நான்கில் ஒன்றும் ரவுட்டருக்கும் பிள்ளையின் மேசைக்கும் நேர்கோட்டில் இருக்கக்கூடாது. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தால் அதுவும் சூடேறித் தானாக விழும்.

ரவுட்டர் இரண்டு பெயரில் ஒளிபரப்பினால் ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5. ஐந்து வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் நெரிசல். ஒரே அறையென்றால் 5, தள்ளிய அறையென்றால் 2.4. வீடுகள் நெருங்கியிருக்கிற டவுன் பகுதியில் 2.4இன் நிலைமை கோயில் திருவிழாவில் எல்லா ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் பாடுவதுபோலத்தான். போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு அயல் ரவுட்டர்கள் எந்தச் சனலில் நிற்கின்றன என்று பார்த்து, 1, 6, 11 இந்த மூன்றில் ஆள் குறைந்ததற்கு உங்கள் ரவுட்டரை மாற்றுங்கள். இடையில் உள்ள 3, 4 போன்றவற்றில் வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் கேட்கும். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அறைக்கு எட்டவில்லை என்றால் பலர் சுவரில் குத்துகிற ரிப்பீட்டரை வாங்குவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மலிவானவை வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே அலையைப் பாவிப்பதால் வேகம் பாதியாகும். ரவுட்டரிலிருந்து அறைக்கு ஒரு கட்6 நெட்வேர்க் கேபிள் இழுப்பது ஒரு பின்னேர வேலை. 100 மீற்றர் வரை வேகம் குறையாது, மழைக்கும் அயலுக்கும் பயமில்லை. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அந்தக் கேபிளின் மறுமுனையில் அக்சஸ் பொயின்டாக, அதாவது அறைக்குள் வைஃபை கொடுக்கிற பெட்டியாக, வைக்கலாம்.

சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு இடம் பார்ப்பதில் இன்னொரு கணக்கு. அதற்குக் கோபுரமும் தெரியவேண்டும், பிள்ளையின் அறையும் தெரியவேண்டும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போனால் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், அது கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலம். கழித்தல் 90க்குக் கிட்ட என்றால் நல்லது, கழித்தல் 110 என்றால் மோசம். ஒவ்வொரு யன்னலாக வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். பின்னேரத்தில் மட்டும் படுத்து, விடியப்புறம் நன்றாக ஓடினால் கோபுரத்தில் கூட்டம். பெரிய டவுன்லோட்டை விடியலுக்குத் தள்ளுவதுதான் வழி.

"எல்லாரின்ர போனும் ஓடுது, லப்டொப் மட்டும் விழுது"

வைஃபை பெயரை ஃபொர்கெட் பண்ணி மறுபடி பாஸ்வேர்ட் போடுங்கள். பிறகு டிவைஸ் மனேஜரில் நெட்வேர்க் அடப்டரைத் திறந்து, பவர் மனேஜ்மன்ட் என்கிற பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்கிற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மூடித் திறந்த பிறகு வைஃபை வராத முறைப்பாடு பெரும்பாலும் இதோடு போய்விடும். அடுத்தது டிரைவர்: லப்டொப் கொம்பனியின் சொந்தத் தளத்தில் மொடல் நம்பரைக் கொடுத்து எடுங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று இலவசமாக வருவதைத் தொடவேண்டாம். ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் யூஎஸ்பியில் குத்துகிற, இரண்டு அலையும் பிடிக்கிற ஒரு சின்ன வைஃபை அடப்டர் வாங்கிப் போட்டால் முடிந்தது.

"வைஃபை இருக்கு, எந்தத் தளம் திறந்தாலும் பாதுகாப்பில்லை எண்டு வருது"

மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். வருஷம் பிழையாக இருக்கும். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பற்றரி இறந்துவிட்டது. தளங்களின் சான்றிதழ்கள் திகதியை வைத்துத்தான் செல்லுபடியாகும் என்பதால் பிரவுசர் எல்லாவற்றையும் மறுக்கிறது. திகதியைத் திருத்தி, நேர வலயத்தில் 5.30 ஸ்ரீ ஜயவர்தனபுரவைத் தெரிவு செய்யுங்கள். பற்றரி சில்லறைக் காசு.

"மழைக்குப் பிறகு, கரண்ட் போய் வந்த பிறகு"

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பின்னேர இடி வருமுன் ரவுட்டரின் பிளக்கையும் லப்டொப் சார்ஜரையும் கழட்டிவிடுங்கள். செம்புத் தொலைபேசி வயரில் வரும் இணைப்பென்றால் அந்த வயரையும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கிய வீடுகளில் இப்போது அதன் பற்றரி களைத்திருக்கும். ரவுட்டர் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் யூபிஎஸ்ஸைக் கழட்டி நேரடியாக அடப்டரில் ஓடவிட்டுப் பாருங்கள். புதிது வாங்கினால் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட், 9ஆ 12ஆ என்று பார்த்தே வாங்குங்கள்.

கடைக்குக் கொண்டுபோகவேண்டி வந்தால்

டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால், அல்லது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற இலவச மென்பொருள் மஞ்சள், சிவப்புக் காட்டினால், வேறு சோதனை ஒன்றும் செய்யாமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அப்பாவின் கடிதங்களும் சங்கத்து அறிக்கைகளும் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்தால், போர்மட் அடித்த மெஷினில் அவை ஆங்கில எழுத்துக் குழம்பாகத்தான் திறக்கும். பாமினியை மறுபடி போட்டால் சரியாகிவிடும், ஆனால் அது தெரியாமல் அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் "ஸ்லோவா இருக்கு, பாருங்கோ" என்று கொடுக்கவேண்டாம். "எச்டிடியைக் கழட்டி எஸ்எஸ்டி போடுங்கோ, கோப்பெல்லாம் அப்படியே இருக்கவேணும், பழைய டிஸ்கைத் திருப்பித் தாங்கோ" என்று சொல்லிக் கொடுங்கள். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, பிள்ளையின் படங்களையும் பாட வீடியோக்களையும் அதற்கு மாற்றிவிடலாம்.